நுரையைத் தொடாத அமிலம்

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பல்கள் கரைக்கு வராது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரை சேர மசூலா படகை நம்பியாக வேண்டும். ஓர் ஆணிகூட இல்லாமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை வந்து அறைந்தால் விறைத்து நிற்காது, வளைந்து கொடுக்கும். ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் உடைந்து சிதறிய அதே அலையில் இது கரையேறிவிடும். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இந்தப் படகுகளை நேரில் பார்த்தவர்கள். 1797-இல் லண்டனில் அவர்கள் வெளியிட்ட அச்சுப்படம் ஒன்று புனித ஜார்ஜ் கோட்டையைத் தென்கிழக்கிலிருந்து காட்டுகிறது. கோட்டை பின்னால் ஒதுங்கி நிற்கிறது; முன்னால் கடல், நுரை, படகுகள்.

அந்தப் படத்தின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கிளம்பினேன். கடலில் பாடுபடுகிறவர்களை அச்சில் காட்டியவர்கள் எதைப் பார்த்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதை, அந்தப் பாடு இன்னும் நடக்கிற கரையிலேயே நின்று பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. மாமல்லபுரம் வரை போவதாகத் திட்டம். வழியில் பட்டிபுலம் தாண்டி, செப்புத் தகட்டில் மீனவர்களைச் செதுக்குகிற ஓர் ஓவியர் இருக்கிறார். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். வரச் சொல்லியிருந்தார்.

அங்கே போவதற்கு முன்னால் டேனியல்கள் கையாண்ட முறையைச் சொல்லிவிட வேண்டும். அக்வாடின்ட் என்று பெயர். மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் மரப்பிசின் தூளை மெல்லிய தூசியாகப் படியவிடுவார்கள். தகட்டைச் சூடாக்கினால் ஒவ்வொரு துகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத்தில் இறக்கினால், துகள்களுக்கு நடுவில் தெரிகிற செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். எவ்வளவு நேரம் அரிக்கிறதோ அவ்வளவு பள்ளம், அவ்வளவு மை, அவ்வளவு கருமை. வெளிறி நிற்க வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு மறுபடி இறக்குவார்கள். வானத்துக்குக் கொஞ்ச நேரம், படகின் நிழலுக்கு நீண்ட நேரம். நுரைக்கு நேரமே கிடையாது. முதல் முழுக்குக்கு முன்பே அதை மூடிவிட வேண்டும். அந்தக் கோட்டைப் படத்தில் நாம் பார்க்கிற வெள்ளை நுரை, அமிலம் தொடாத செம்பு.

இதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அலை வரைந்ததல்ல, காப்பாற்றப்பட்டது.

திருவான்மியூரைக் கடக்கும்போது அச்சுக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, 1940-களின் இறுதியில் கலாக்ஷேத்ராவின் ஓவியப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். இன்று திருவான்மியூரில் இருக்கும் கலாக்ஷேத்ரா அப்போது அடையாற்றில் இருந்தது. பிறகு பாரிஸ் போய், ஹேய்ட்டர் என்ற அச்சுக் கலைஞர் நடத்திய 'அட்லியே 17' பட்டறையில் சேர்ந்தார். ஒரே தகட்டில் பல வண்ண மைகளை ஏற்றி ஒரே அழுத்தில் அச்செடுக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். எண்ணெய் அதிகமான மையும் குறைவான மையும் ஒன்றையொன்று ஏற்காமல் விலகும் குணத்தை வைத்துக்கொண்டு, தகட்டின் வெவ்வேறு ஆழங்களில் வெவ்வேறு நிறத்தை நிறுத்தினார். 1963-இல் அவர் செய்த 'சுழல்' என்ற அச்சில் தண்ணீர் நிஜமாகவே சுழல்கிறது. அதில் மனிதர் இல்லை, படகு இல்லை. ஆனாலும் தண்ணீரின் விசையை உலோகத்தில் குடைந்து எடுத்த தோள்வலி அதில் இருக்கிறது.

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தம் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் இங்கே குடியேறியபோது இது செங்கல்பட்டு மாவட்டத்து மணல்காடு. இன்று சென்னை மாநகரம் விழுங்கிவிட்டது. படம் விற்றுச் சோறு சாப்பிட முடியாத காலம் அது. பாதிக் துணிகளைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, மீதி நேரத்தில் ஓவியம் வரைந்தார்கள். பாதிக் என்பதும் மூடிக் காக்கிற வித்தைதான். சாயம் ஏறக் கூடாத இடத்தில் மெழுகைப் பூசுகிறோம். அக்வாடின்ட்காரர் வார்னிஷ் பூசுகிறார். ஒரு தலைமுறைக் கலைஞர்கள் தங்கள் கைத்தொழிலின் பலத்தில் இந்தக் கடலோரத்தில் நின்றார்கள் என்பதை, அவர்களுடைய ஓவியங்களைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

கோவளத்தில் இறங்கிக் கரைக்கு நடந்தேன். ஃபைபர் படகுகள் வரிசையாக ஏறிக் கிடந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தவை இந்த வகைப் படகுகள். அதற்கு முன்பே வரத் தொடங்கியவைதான். ஆனால் பேரலைக்குப் பின் கட்டுமரம் கிட்டத்தட்ட விடைபெற்றுக்கொண்டது. இப்போது கட்டுமரம் என்று சொல்லிக் கொண்டுவருவதில் பல, தெர்மோகோலை வலையில் சுற்றிக் கட்டியவை. மரத்தில் செய்தது ஒன்றே ஒன்று தென்பட்டது. கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். நனைந்த மரம் கனக்கும். கனத்தால் மிதப்பு குறையும். அதனால் ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் காய வைத்து, மறுநாள் மறுபடி கட்டுவது. கட்டுமரத்தின் கயிற்றுக்கட்டு ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டப்படுகிறது என்பதை எந்த அச்சுப்படத்திலும் நான் கண்டதில்லை. கடலில் போகிற கட்டுமரத்தையே எல்லோரும் வரைந்தார்கள். விடியலுக்கு முன் கரையில் குந்தி, காலால் மரத்தை மிதித்துக்கொண்டு, கயிற்றை இழுத்து இறுக்குகிற வேலையை யாரும் வரையவில்லை.

ஒருவர் மட்டும் அதற்கு அருகில் வந்தார். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி. உலகம் சுற்றிய கப்பல்களில் பணியாற்றியபடி, போன இடத்திலெல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தவர். 1840-களின் தொடக்கத்தில் வெளியான அவருடைய பெரிய நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரமும், பிரெஞ்சுக்காரர் 'ஷெலிங்' என்று அழைத்த தைத்த படகும் இருக்கின்றன. நீளம், அகலம், தையல் போகும் வழி, துடுப்பின் வடிவம் எல்லாம் உண்டு. அழகான இயற்கைக் காட்சியாக அவர் படகைப் பார்க்கவில்லை, ஒரு கப்பல்காரனாகப் பார்த்தார். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதியதும் இதே கண்ணோடுதான். ஆனால் பாரியின் அளவுகள் துல்லியமாக இருக்கிற அளவுக்கு அவர் படகில் இருக்கிற மனிதர்களின் முகம் துல்லியமாக இல்லை. கயிறு தெரிகிறது. கட்டியவர் யார் என்று தெரியவில்லை.

பட்டிபுலம் தாண்டி அந்த வீடு. கடலுக்கும் சாலைக்கும் நடுவில், பின்கட்டில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு நீள அறை. உள்ளே நுழைந்ததும் எண்ணெயும் மையும் கலந்த வாசனை. நடுவில் அச்சு எந்திரம்: கனத்த இரும்பு உருளை, அதன் அடியில் நகரும் இரும்புப் பலகை, பக்கத்தில் கப்பலின் சுக்கான் சக்கரம் மாதிரி பெரிய சக்கரம்.

"உப்புக்காத்து சார். வாரத்துக்கு ரெண்டு தரம் எண்ணெய் போட்டுத் துடைக்கலேன்னா துரு ஏறிடும். செம்பும் அப்படித்தான், ராத்திரி பளபளன்னு வெச்சா காலைல கறுத்துக் கிடக்கும்" என்றார்.

மழைக்காலத்தில் பிசின் தூள் கட்டிகட்டியாகிவிடுமாம். பெட்டிக்குள் தூசியைக் கிளப்பி, கனத்த துகள் முதலில் கீழே விழும்வரை காத்திருந்து, அப்புறம்தான் தகட்டை உள்ளே தள்ள வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் துகள்கள் திட்டுத்திட்டாகப் படியும், வானம் அம்மை போட்ட மாதிரி வரும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் அக்வாடின்ட் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, ஊசியால் கோடு கீறுகிற வேலையை மட்டும் செய்கிறார். கடலுக்குப் போகிறவர்களும் அதே மாதங்களில்தான் வானத்தைப் பார்த்துப் பார்த்து வேலையை வைத்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு அவர் அச்செடுக்கப் போகும் தகட்டில் மூன்று காட்சிகள் ஒன்றாக இருந்தன. பின்னால் ஒரு ஃபைபர் படகை ஆட்கள் தோள் கொடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறார்கள். இடையில் கரைவலைக் கயிற்றை இடுப்பில் சுற்றிப் பின்னோக்கிச் சாய்ந்து இழுக்கிறது ஒரு கூட்டம். முன்னால் முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சுவலை வீசுகிறான் ஒருவன்.

மையைச் சிறு அட்டையால் தகடு முழுவதும் வழித்தார். பிறகு கஞ்சி போட்ட சல்லாத் துணியை உருட்டி வட்டவட்டமாகத் துடைக்க ஆரம்பித்தார். மேலே இருக்கிற மை போக வேண்டும், பள்ளத்துக்குள் இருக்கிற மை தங்க வேண்டும். அழுத்தித் துடைத்தால் பள்ளத்து மையும் வந்துவிடும். மெல்லத் துடைத்தால் படம் முழுக்க அழுக்குப் படரும். துணியை மூன்று முறை மாற்றினார். கடைசியில் துணியைப் போட்டுவிட்டு, உள்ளங்கையில் சுண்ணப் பொடியைத் தட்டிக்கொண்டு, கையின் சதைப்பகுதியால் தகட்டின் மேல் சரக் சரக்கென்று வேகமாக வழித்தார். நுரை இருந்த இடம் பளிச்சென்று திறந்துகொண்டது. அந்தக் கையைப் பார்த்தேன். ரேகைகளுக்குள் மை இறங்கி, எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்புக் கோடுகளாக நின்றது. சற்று முன் கோவளத்தில் வலை சிக்கெடுத்துக் கொண்டிருந்த ஒருவரின் கையில், வலை நரம்பு அறுத்து அறுத்துக் காய்ப்பேறிய கோடுகளைப் பார்த்திருந்தேன்.

ஊறவைத்த தாளை எடுத்து, இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து ஈரத்தை வாங்கினார். தாள் ஈரமாக இருந்தால்தான் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளும். சொட்டும் ஈரமாக இருந்தால் மையைத் தள்ளிவிடும். தகட்டின் மேல் தாள், தாளின் மேல் கம்பளி. சக்கரத்தைப் பிடித்து, ஒரு காலை முன்வைத்து, உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தார். நிறுத்தாமல், வேகம் மாறாமல் உருள வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். மறுபக்கம் வந்ததும் தாளின் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தார்.

எத்தனை பிரதி எடுக்க முடியும் என்று கேட்டேன். "கோடு மட்டும்னா நிறைய வரும் சார். அக்வாடின்ட் சீக்கிரம் தேஞ்சிடும். ஒவ்வொரு தடவை துடைக்கிறப்பவும் உருளையில போறப்பவும் அந்தப் பொடி மேடெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா படுத்துடும். நான் இருபதோட நிறுத்திடுவேன்." ஒவ்வொரு பிரதியின் அடியிலும் பென்சிலால் இடப்பக்கம் எண், வலப்பக்கம் அவர் கையெழுத்து. தாளைத் திருப்பினால், பின்பக்கம் அந்தப் படகில் போனவர்களின் பெயர்கள்.

முன்பக்கமே எழுதலாம் என்பது என் எண்ணம். அவரிடமும் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அச்சுப்படங்களின் வரலாற்றில் பெயர் விழுந்துபோவது வழக்கமாகவே இருந்திருக்கிறது. டேனியல்களின் 'ஓரியன்டல் சீனரி' 144 படங்கள் கொண்டது. 1795 முதல் 1808 வரை வெளிவந்தது, முழுத் தொகுதியின் விலை 210 பவுண்டு. அந்தப் படங்களுக்குக் கையால் வண்ணம் பூசியவர்கள் யார்? ஒவ்வொரு பிரதியிலும், ஒவ்வொரு அலையிலும் நீலத்தைத் தொட்டு வைத்தவர்களின் பெயர் படத்தில் இல்லை. அதற்கு முன் கல்கத்தாவில் தம் முதல் தொகுதியைச் செய்தபோது, ஓவியன், செதுக்குபவன், கன்னான், அச்சடிப்பவன், அச்சகத்து எடுபிடி எல்லாமும் தானே ஆக வேண்டியிருந்தது என்று தாமஸ் டேனியல் ஒரு கடிதத்தில் அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பைப் படிக்கும்போது அவர்மேல் மரியாதை கூடுகிறது. கூடவே வேலை செய்தவர்கள் அவரைப் போல் கடிதம் எழுதி வைக்கவில்லை.

ஜப்பானில் சுமார் 1831-இல் வந்த ஹொகுசாயின் 'பேரலை' உலகம் முழுக்கத் தெரிந்த படம். அந்த அலைக்கு அடியில் மூன்று படகுகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிடித்த மீன் கெடுவதற்குள் சந்தைக்குக் கொண்டுபோகும் விரைவுப் படகுகள் அவை. தண்டு வலிப்பவர்கள் குனிந்து படகோடு ஒட்டிக் கிடக்கிறார்கள். மீனவத் தொழிலின் படம் அது. மரக்கட்டையில் அந்த நுரை நகங்களைச் செதுக்கியவரின் பெயரும் அதில் இல்லை, தாளை அழுத்தி அச்செடுத்தவரின் பெயரும் இல்லை. நம் கரைக்கு வந்தால், தமிழில் முதலில் அச்சான நூல்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்', 1578-இல் கொல்லத்தில், முத்துக்குளித்துறையின் பரதவர்களுக்காக அச்சானது. கடல்மக்களுக்கும் தமிழ் அச்சுக்கும் உறவு அவ்வளவு பழையது. அவர்களுடைய வேலையைக் காட்டும் அச்சு மட்டும் இன்னும் அரிதாகவே இருக்கிறது.

அச்செடுத்த தாள் காய்வதற்காகக் காத்திருந்து, இன்னொரு காய்ந்த பிரதியை அட்டைக் குழாயில் சுருட்டிக்கொண்டு இருவரும் மாமல்லபுரம் போனோம். அங்கே வாடிக்கையாக அவர் வரைய உட்காரும் கரையில் ஒரு பெரியவர் இருக்கிறார், அவரிடம் காட்ட வேண்டும் என்றார்.

ஊருக்குள் நுழையும்போதே உளிச்சத்தம். கல்லில் வேலை செய்கிறவர்களின் ஊர் இது. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டேனியல்களும் 1793 தொடக்கத்தில் இங்கே வந்திருக்கிறார்கள். செதுக்குப் பாறைகளையும் குடைவரை வாசலையும் வரைந்தார்கள். 1799-இல் அவை அச்சாயின. பாறைகளை அவர்கள் பார்த்த பார்வையில் பக்தியே இருக்கிறது. பாறைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், வலை காய்ந்துகொண்டிருந்த குப்பம் அவர்கள் படத்துக்குள் வரவில்லை. பிறகு வில்லியம் பிரிட்டன் தீவின் கரையைச் சுற்றி வந்து செய்த 308 அக்வாடின்ட்கள் 1814 முதல் 1825 வரை வெளிவந்தன. துறைமுகங்கள், படகுகள், கரையில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் அவற்றில் இடம்பிடித்தார்கள். சோழமண்டலக் கரையை அப்படி ஊர் ஊராக அவர் ஒருமுறை சுற்றியிருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன்.

கரையில் மதிய வெயில். படகு நிழலில் வலைக்குத் தக்கை கோத்துக்கொண்டிருந்தார் பெரியவர். எழுபதுக்கு மேல் இருக்கும். ஓவியர் மணலில் உட்கார்ந்து தாளை விரித்து, நான்கு மூலையிலும் சங்குகளை வைத்தார்.

"தாத்தா, பாருங்க. எப்படி வந்திருக்குது?"

பெரியவர் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். படகின் பக்கவாட்டில் இருந்த பெயரை விரலால் தொட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "பேரு சரியா கீது." பிறகு விரல் கரைவலைக் கூட்டத்துக்குப் போனது. "இவ்ளோ பேரு பத்தாதும்மா. கயிறு ரெண்டு பக்கமும் இழுக்கணும். அந்தாண்ட பக்கம் ஆளே இல்லியே." அப்புறம் முன்னால் நிற்கும் வலைவீசியிடம் வந்து நின்றது விரல். சிரித்தார்.

"இன்னா பாப்பா, எல்லாரையும் நொட்டாங்கைக்காரனா ஆக்கிட்ட?"

ஓவியர் குனிந்து பார்த்தார். வலை வீசுகிறவன் இடது கையால் வீசிக்கொண்டிருந்தான். படகின் பின்புறத்தில் துடுப்பைப் பிடித்தவனும் அப்படியே. தகட்டில் வரைந்தது தாளில் இடம் வலமாக மாறும். அச்சுக்கலையில் முதல் நாள் பாடம் அது. அதனால்தான் படகின் பெயரைக் கண்ணாடி எழுத்தில் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அவர் தகட்டில் எழுதியிருக்கிறார். மனிதர்களைக் கரையில் நேராகப் பார்த்து, பார்த்தபடியே தகட்டில் கீறிவிட்டார்.

"எழுத்தைத் திருப்பணும்னு தோணுச்சு, ஆளைத் திருப்பணும்னு தோணல சார்" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். முகம் சிவந்திருந்தது. பெரியவருக்கு அந்தத் திருப்பல் விஷயத்தை விளக்கினார். வெற்றிலைக்கறை படிந்த ஒரு காகிதத்தை எடுத்து அதில் கரியால் ஒரு கோடு கிழித்து, இன்னொரு தாளின் மேல் அழுத்தி எடுத்துக் காட்டினார். பெரியவர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தலையாட்டினார்.

"அப்ப நான் நொட்டாங்கையால வீசிக் காட்டணும்னு சொல்லு, நீ அதைப் பார்த்து வரை. உன் தாள்ல சோத்தாங்கையா வந்துடும்."

"இல்ல தாத்தா, உங்களுக்கு அது வராது. வலை விரியாது. நீங்க எப்பவும் போல வீசுங்க, நான் டிரேசிங் தாள்ல வரைஞ்சு, அதைத் திருப்பிப் போட்டுத் தகட்டுல ஏத்திக்கிறேன்."

வலை விரியாது என்று அவர் சொன்னது பெரியவருக்குப் பிடித்திருந்தது. வீச்சுவலை வட்டமாக விரிந்து விழ வேண்டும், இல்லையென்றால் அது வலையே இல்லை என்றார். கரைவலை இழுக்கும் நாளில் வந்தால் இருபக்கமும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம் என்றும், இப்போது வாடைக்காற்று அடிக்கிறது, அது அடங்கியதும் ஆள் அனுப்புவதாகவும் சொன்னார். பிறகு பழைய தகடு என்ன ஆகும் என்று விசாரித்தார். சுரண்டித் தேய்த்து மறுபடி மழமழப்பாக்கிப் பயன்படுத்துவேன் என்றார் ஓவியர். செம்பு விலைக்கு அதைத் தூக்கிப் போட முடியாது.

"சுரண்டறதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு குடுத்துடு. பேத்திக்குக் காட்டணும். நொட்டாங்கைப் பசங்கன்னு சொல்லி."

ஓவியர் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தாளைத் திருப்பாமல் முன்பக்கத்திலேயே, தம் கையெழுத்துக்குப் பக்கத்தில், பெரியவரிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பெயராக எழுத ஆரம்பித்தார். நான்காவது பெயரில் பெரியவர் நிறுத்தினார். அந்தப் பையன் இப்போது படகில் இல்லையாம், சென்னையில் ஓட்டல் வேலைக்குப் போய்விட்டானாம். எழுதலாமா வேண்டாமா என்று இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு அவன் கடலுக்குப் போனான் இல்லையா, எழுது என்றார் பெரியவர்.